கேன் கேஸ் அடுப்பு: ஈரோட்டில் நன்றாக எரிந்தது, ஊட்டியில் ஏன் திணறியது?

பெட்டி மாதிரி ஒற்றை பர்னர், பக்கத்தில் நீளமான பியூட்டேன் கேன் படுத்துக்கொள்ள ஒரு குழி, தூக்கிப் போக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இதை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே உருவத்தில் இதே அளவில் பல பெயர்களில் கிடைக்கிறது, நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். சமவெளியில் இருப்பவர்களுக்கு என் மதிப்பெண் 5-க்கு 4. மலைக்குக் கொண்டு போவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வகை அடுப்புக்கு வரும் மோசமான விமர்சனங்களில் பாதி, "குளிரில் எரியவே இல்லை, ஏமாற்று வேலை" என்றுதான் இருக்கின்றன. அடுப்பு மேல் தப்பில்லை. கேனுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதுதான் விஷயம். பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவள் நான், வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், ஆனால் ஊட்டியில் ஒரு ஜனவரி விடியற்காலையில்தான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் ஈரோட்டு வீட்டுக் கதை. கேனின் வாய் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அது மேல்பக்கம் பார்க்கும்படி குழியில் வைத்து, முன்னால் இருக்கும் லீவரை அழுத்த வேண்டும். இந்த வெட்டை யாரும் சட்டை செய்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். கேனுக்குள் வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, வெட்டு மேலே பார்த்தால் குழாயின் வாயும் மேலே பார்க்கும், அப்போது திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி மட்டும் பர்னருக்குப் போகும். தலைகீழாக வைத்தால் திரவமே வந்துவிடும், அடுப்பிலிருந்து தீ குபுக்கென்று எழும்பும். நல்ல தயாரிப்பில் தப்பாக வைத்தால் லீவரே இறங்காது. என்னுடையதில் இறங்கவில்லை, அதற்கு ஒரு பாராட்டு.

சமையலறைத் தராசில் கேனை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, செலவு 15 கிராம். அந்தக் கணக்கில் 220 கிராம் கேன் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முழுத் தீயில் எரிகிறது. கரண்ட் போன நாளில், சிலிண்டர் தீர்ந்து புதுசு வராத நாளில், மொட்டை மாடியில் பஜ்ஜி போட்ட நாளில், எதிலும் குறை வைக்கவில்லை. தோசைக்கல்லுக்கு மட்டும் தீ நடுவிலேயே குவிகிறது, ஓரம் வேக நேரமாகும்.

அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். கேனில் முக்கால் பங்கு தீர்ந்த பிறகும் தீ முதல் நாள் மாதிரியே இருந்தது. சைக்கிள் டியூபில் காற்று குறையக் குறைய அழுத்தமும் குறையுமே, இதில் ஏன் குறையவில்லை? கேனைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், இளநீரை ஆட்டிப் பார்ப்பது போல உள்ளே தளக் தளக் என்று கேட்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வாயுவே இல்லை, திரவம். மேலே கொஞ்சம் ஆவி. ஆவி வெளியே போகப் போக திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அதனால் கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அல்ல. இதனால்தான் கேனில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று அழுத்தமானி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். காலிக் கேனின் எடையை ஒரு தடவை குறித்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டேன். என் மாணவர்களுக்கும் கொடுத்தேன். பியூட்டேனின் மூலக்கூறு நிறை 58, ஆக 220 கிராம் என்றால் 3.8 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). கேனின் கொள்ளளவை அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், 30 டிகிரி. மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பே கிடையாது, அவற்றுக்குப் பருமனும் கிடையாது என்று சொல்லும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் போட்டால் வரும் விடை சுமார் 190 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம்). பேருந்திலும் ஆட்டோவிலும் சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) நிரப்புவது 200 பாரில், அதற்குத் தடித்த சுவருள்ள கனமான உருளை வேண்டும். நம் கேனோ பெருவிரலால் அழுத்தினால் நசுங்கும் தகரம். உள்ளே உண்மையில் இருக்கும் அழுத்தம் 2.8 பார்தான். 190 எங்கே, 2.8 எங்கே! இடையில் காணாமல் போன அத்தனையும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, சுவரில் போய் மோதாமல் திரவமாக ஒடுங்கிக் கிடப்பதால் வந்தது. அந்த ஈர்ப்பு இல்லையென்றால் இப்படி ஒரு அடுப்பையே செய்திருக்க முடியாது. எனக்கு இது பெரிய வியப்பு, இன்றைக்கும்.

சிஎன்ஜியில் இருக்கும் மீத்தேனுக்கு ஏன் இந்த வசதி இல்லை என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. மீத்தேனின் நிலைமாறு வெப்பநிலை -82.6 டிகிரி. அதற்கு மேல் எத்தனை அழுத்தினாலும் அது திரவமாகாது, மூலக்கூறுகளின் ஓட்டம் அவற்றின் பிடிப்பை ஜெயித்துவிடும். பியூட்டேனுக்கு அது 152 டிகிரி, நம் ஊர் மே மாதம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, ஊட்டி. ஜனவரியில் குடும்பத்தோடு போனோம், லவ்டேல் பக்கம் ஒரு காட்டேஜ். அப்பாவுக்கு ஐந்து மணிக்கு காபி வேண்டும், அதற்காகத்தான் அடுப்பையே எடுத்துப் போனேன். மூடிய அறைக்குள் இதை எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும், அதனால் திறந்த வராந்தாவில் வைத்தேன். இரவு முழுக்க கேன் அங்கேதான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 4 டிகிரி காட்டியது. பற்றவைத்தபோது தீ வந்தது, ஆனால் ஈரோட்டில் பார்த்த தீயில் பாதிகூட இல்லை. மூன்று நிமிடத்தில் அதுவும் சுருங்கி, பர்னரின் துளைகளில் நீல நிறத்தில் பொட்டுப் பொட்டாக நின்றது. கேனைத் தொட்டேன், ஐஸ் மாதிரி. மேல் பாதியில் ஒன்றும் இல்லை. கீழ்ப் பாதியில், சரியாகத் திரவம் நிற்கும் உயரம் வரை, மெல்லிய வெள்ளைப் பனிப்படலம். விரலால் கோடு போட்டால் கோடு விழுந்தது. "என்னம்மா, கேஸ் தீந்துடுச்சா?" என்றார் அப்பா. "இல்லப்பா, உள்ளே நிறைய இருக்கு, அதுக்கு வெளியே வர முடியல" என்றேன். ஆட்டிக் காட்டினேன், தளக் தளக். பதினைந்து நிமிடம் ஆகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அப்படியும்.

நடந்தது இதுதான். பியூட்டேனின் கொதிநிலை -0.5 டிகிரி. 4 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 1.2 பார், ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.8 பாருக்குச் சற்றுக் குறைவு. ஆக கேஸை வெளியே தள்ளும் வித்தியாசம் 0.4 பார் சொச்சம். ஈரோட்டில் அதே வித்தியாசம் 1.8 பார். ஆரம்பமே கால்வாசி. ஒரு வகையில் ஊட்டியின் உயரம் நமக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும், இதே 4 டிகிரி கடல் மட்டத்தில் இருந்திருந்தால் வித்தியாசம் 0.2 பார்தான் மிஞ்சியிருக்கும்.

அதற்கு மேல், எரிய எரிய கேன் தானே குளிர்கிறது. திரவத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்து ஆவியாக்க வெப்பம் வேண்டும், கிராமுக்கு 380 ஜூல் அளவில். அந்த வெப்பத்தை மிச்சத் திரவத்திடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், 10 கிராம் ஆவியானாலே மீதி 200 கிராமும் கேனும் 7 டிகிரி இறங்கிவிடும். 4-லிருந்து 7 போனால் -3. அங்கே ஆவியழுத்தம் இன்னும் குறையும், தீ இன்னும் சுருங்கும். கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய சிலிண்டருக்கு அடியில் பனி பூத்து, மாஸ்டர் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான், அங்கே தண்ணீர் வெப்பம் கொடுக்கிறது.

அடுப்பு செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பர்னர் ஓரத்திலிருந்து கேன் படுக்கும் குழி வரை ஒரு உலோகத் தகடு ஓடுகிறது, தீயின் சூட்டில் துளியைக் கடத்திக் கேனுக்குக் கொடுப்பதற்காக. வாங்கும்போது இந்தத் தகடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், சில மலிவான மாடல்களில் இல்லை. என்னுடையதில் இருக்கிறது, வீட்டில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தகடு சூடாகத் தீ வேண்டும், தீ வரக் கேஸ் வேண்டும். தொடக்கத்திலேயே கேன் குளிர்ந்து கிடந்தால் தகட்டால் தூக்கி நிறுத்த முடியவில்லை.

மறுநாள் கேனை அறைக்குள் எடுத்துப் போய், விடியும் முன் அரை மணி நேரம் கம்பளிக்குள் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். நெருப்பில் காட்டுவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் கூடவே கூடாது, உடம்புச் சூடு போதும். பற்றவைத்த உடனே ஈரோட்டுத் தீ. தகடும் சூடேறிவிட்டது. அப்பாவுக்கு எட்டு நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. அதே அடுப்பு, அதே கேன், அதே வராந்தா.

இன்னொரு வழி, கேனில் இருப்பதையே மாற்றுவது. இதைக் கடையில் கேட்டேன், "எல்லா கேஸும் ஒண்ணுதான் மேடம்" என்றார்கள். இல்லை. ஐசோபியூட்டேன் கலந்த கேன் தனியாக வருகிறது, இதே அடுப்பில் பொருந்தும் நீள வடிவத்திலும் கிடைக்கிறது. ஐசோபியூட்டேனிலும் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன்தான், எடை துளியும் மாறவில்லை. ஆனால் கொதிநிலை -11.7 டிகிரி, பதினோரு டிகிரி கீழே! ஏன்? முருங்கைக்காயையும் நெல்லிக்காயையும் நினைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டினால் ஒன்றோடொன்று முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு நிற்கும், நெல்லிக்காய் ஒன்றையொன்று ஒரு புள்ளியில்தான் தொடும். சாதாரண பியூட்டேன் நீளச் சங்கிலி, ஐசோபியூட்டேன் கிளை விட்டுக் குறுகிய உருண்டை. இந்த மூலக்கூறுகளில் சொல்லிக்கொள்ளும்படி மின்முனைகள் கிடையாது, பிடிப்பு முழுக்க எலக்ட்ரான் மேகம் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்குவதால் வரும் ஈர்ப்பு. 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் கணக்குப் போட்டு விளக்கியது இதைத்தான், பாடப்புத்தகத்தில் லண்டன் விசை என்று வரும். தொடும் பரப்பு குறைந்தால் இந்த விசையும் குறையும், மூலக்கூறு சீக்கிரம் விடுபடும். புரோப்பேனில் ஒரு கார்பனே குறைவு, அது -42 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் புரோப்பேனை மட்டும் இந்தத் தகரக் கேனில் அடைக்க முடியாது, 20 டிகிரியிலேயே 8 பாருக்கு மேல் அழுத்தும். அதனால்தான் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். கலவைக் கேனில் ஒன்று கவனியுங்கள்: எளிதில் ஆவியாவது முதலில் அதிகமாகப் போய்விடும், கடைசிக் கால்வாசியில் பியூட்டேன்தான் அதிகம் மிஞ்சும், குளிரில் அப்போது மறுபடி திணறும்.

என் கோபம் ஒன்று இருக்கிறது. நான் வாங்கிய கேனில் "பியூட்டேன்" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். சாதாரணமா ஐசோவா, எத்தனை சதவீதம், ஒன்றும் இல்லை. வாங்குகிறவருக்கு மிக அவசியமான ஒரே தகவல் அது. 10 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் தீ குறையும் என்று ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேர் அடுப்பைத் திட்டியிருக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் காலிக் கேன் ஒன்றையும் நிறைந்த கேன் ஒன்றையும் பள்ளிக்கு எடுத்துப் போனேன். (பற்றவைக்கவில்லை, ஆட்டவும் நிறுக்கவும் மட்டும்.) 190 பார் கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரு மாணவி, "அப்போ வாண்டர் வால்ஸ் சமன்பாட்டில் போட்டா சரியா 2.8 வருமா மிஸ்?" என்றாள். மூலக்கூறுகளின் ஈர்ப்பையும் பருமனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சமன்பாடு அது, போட்டுப் பார்த்தோம். பியூட்டேனுக்கு ஈர்ப்பு மாறிலி 13.9, பருமன் மாறிலி மோலுக்கு 0.116 லிட்டர். 3.8 மோலுக்குப் பருமன் மட்டும் 0.44 லிட்டர், அரை லிட்டர் கேனில் மீதி 60 மில்லிதான். வந்த விடை சுமார் 800 பார்! வகுப்பே அதிர்ந்துவிட்டது. தப்பு எங்கே என்றால், கேன் முழுக்க ஒரே மாதிரி சரக்கு நிரம்பியிருப்பதாக நினைத்து எண்களைப் போட்டதில் ஒன்று. உள்ளே இருப்பதோ கீழே திரவம், மேலே ஆவி, இரண்டு தனித்தனி. இரண்டாவது, அந்தப் பருமன் மாறிலி திரவத்துக்குப் பொருந்தவே பொருந்தாது, உண்மையில் 220 கிராம் திரவம் 390 மில்லிக்குள் அடங்கிவிடுகிறது. மேலே நிற்கும் ஆவியை மட்டும் எடுத்துக்கொண்டால் சமன்பாடு சரியான திசையைக் காட்டும்: நல்லியல்பு வாயுவை விட அழுத்தம் குறைவு. உண்மையில் அந்த ஆவி 30 டிகிரியில் 7, 8 சதவீதம் விலகி நிற்கிறது. ஹீலியத்துக்கு ஈர்ப்பு மாறிலி வெறும் 0.03, பியூட்டேனுக்கு 13.9 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, இத்தனை வருடமாக அட்டவணையில் கிடந்த எண்கள் பிள்ளைகளுக்கு முதன்முறையாக ஏதோ சொன்னது போல இருந்தது. வாண்டர் வால்ஸ் தச்சர் வீட்டுப் பிள்ளை, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே படித்து 1873-இல் நெதர்லாந்தின் லைடனில் ஆய்வேட்டைக் கொடுத்தவர், 1910-இல் நோபல் வாங்கினார் என்பதையும் அன்றைக்குச் சொன்னேன்.

மற்றக் குறைகள்: காற்றடித்தால் தீ அலைகிறது, சுற்றி மறைப்பு வைக்கத் தோன்றும், ஆனால் முழுக்க மூடினால் சூடு கேன் பக்கம் திரும்பும், ஆபத்து. அதே காரணத்தால் கேன் படுக்கும் குழியின் மூடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய பாத்திரம், அகலமான தோசைக்கல் வைக்கவே கூடாது. என் தோசைக்கல் அந்த மூடி வரைக்கும் எட்டவில்லை, அதற்கு மேல் பெரிதாக நான் போகவில்லை. 50 டிகிரியில் கேனுக்குள் 5 பார் ஏறிவிடும், திரவமும் விரியும், அதனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கேனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அழுத்தம் அளவு மீறினால் லீவர் தானாக விடுபட்டுக் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு இதில் உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கிறது, அது இல்லாத மாடலை வாங்க வேண்டாம். செலவு என்று பார்த்தால் கிலோ கணக்கில் வீட்டு சிலிண்டரைப் போலப் பல மடங்கு, தினமும் சமைக்க இது கிடையாது.

ரயிலிலும் விமானத்திலும் கேனைக் கொண்டு போக அனுமதி இல்லை. நாங்கள் காரில் போனதால் பிரச்சினை இல்லை. ரயிலில் போகிறவர்கள் கேனைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையூரில் வாங்கினால் ஐசோபியூட்டேன் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள், தெரியாது என்று சொன்னால் சாதாரண பியூட்டேன் என்றே வைத்துக்கொண்டு ராத்திரி கேனை அறைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.